ஏழு மணிச் சங்கு

மகாராஷ்டிர மாநிலத்தின் தெற்கில் சாங்லி மாவட்டம் இருக்கிறது. கரும்பு விளையும் பூமி. அந்த மாவட்டத்தில், கடேகாவ் வட்டத்தில் ஒரு சிற்றூர். மோஹித்யாஞ்சே வட்காவ் என்பது அதன் பெயர். ஊரில் 3 ஆயிரம் பேருக்குச் சற்று அதிகமாக மக்கள். பெரும்பாலோர் விவசாயிகள். சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களும் உண்டு.

2022 ஆகஸ்டு மாதத்தில் இந்த ஊர் ஒரு முடிவு எடுத்தது. அந்த முடிவு நாடு முழுவதும் பேசப்பட்டது. அது என்ன முடிவு? ஏன் எடுத்தார்கள்? அதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்ளலாம்?

1. ஊர் எடுத்த முடிவு

2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியது. நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் செல்போன் வழியாக வந்தது. அதுவரை பிள்ளைகள் கையில் போன் கொடுக்காதவர்களும் கொடுத்தார்கள். கடன் வாங்கிப் போன் வாங்கியவர்களும் உண்டு. படிப்புக்காகத்தானே என்று வாங்கினார்கள்.

பிறகு நோய் குறைந்தது. பள்ளிகள் திறந்தன. ஆனால் போன் மட்டும் பிள்ளைகள் கையை விட்டு இறங்கவில்லை.

வட்காவ் ஊரிலும் இதே கதைதான். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் போனை எடுத்தார்கள். அல்லது டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். எழுதவும் படிக்கவும் அவர்களுக்குச் சோம்பலாக இருந்தது. ஆசிரியர்கள் இதைக் கவனித்தார்கள். பெரியவர்களும் சும்மா இல்லை. அவர்களும் போனிலும் டிவியிலும் மூழ்கிக் கிடந்தார்கள். ஒரே வீட்டில் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசுவது குறைந்துவிட்டது.

சுதந்திர தினத்தை ஒட்டி ஊராட்சியில் பெண்களின் கூட்டம் நடந்தது. அங்கே முடிவு எடுத்தார்கள். ஊருக்கு ஒரு சங்கு வாங்கினார்கள். ஆலைகளில் ஊதுமே, அதைப் போன்ற சங்கு.

மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலிலிருந்து சங்கு ஒலிக்கும். உடனே போனையும் டிவியையும் அணைத்துவிட வேண்டும். பிள்ளைகள் புத்தகத்தை எடுக்க வேண்டும். இரவு 8.30 மணிக்கு மறுபடியும் சங்கு ஒலிக்கும். அதற்குப் பிறகு போனைத் தொடலாம். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

தொடக்கத்தில் சிலர் சிரித்தார்கள். "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்றார்கள். ஆனால் ஊர் விடவில்லை. அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆஷா பணியாளர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனார்கள். பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். மெல்ல மெல்ல ஊர் பழகிக்கொண்டது.

இந்த யோசனை மற்ற ஊர்களுக்கும் பரவியது. கர்நாடக மாநிலம் பெலகாவி மாவட்டத்தில் ஹலகா என்ற கிராமம் இருக்கிறது. அங்கேயும் இதே போல் மாலையில் சங்கு ஊதத் தொடங்கினார்கள்.

2. கையில் போன், கண்ணில் என்ன?

போன் கெட்ட பொருள் அல்ல. கணக்குப் பாடம் புரியாத பிள்ளை அதில் பாடம் கேட்கலாம். தெரியாத சொல்லுக்குப் பொருள் பார்க்கலாம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் உண்மையில் அதில் என்ன நடக்கிறது?

பிரதம் என்பது கல்விக்காக உழைக்கும் அமைப்பு. அது 'ஏசர்' என்ற பெயரில் கிராமப்புறக் கல்வியை ஆய்வு செய்கிறது. 2024-ஆம் ஆண்டில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் போனைப் பற்றிக் கேட்டார்கள். 100 பேரில் 82 பேருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. "போன வாரம் போனை எதற்குப் பயன்படுத்தினாய்?" என்று அவர்களைக் கேட்டார்கள். படிப்புக்கு என்று சொன்னவர்கள் 100-க்கு 57 பேர். சமூக ஊடகத்துக்கு என்று சொன்னவர்கள் 100-க்கு 76 பேர்.

சமூக ஊடகம் என்றால் என்ன? வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் போன்றவை. படம் போடலாம். செய்தி அனுப்பலாம். மற்றவர் போட்டதைப் பார்க்கலாம். இதற்குப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. அப்படியானால் அந்த நிறுவனங்களுக்கு வருமானம் எப்படி வருகிறது?

விளம்பரத்தால் வருகிறது. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். ஆகவே நம் நேரம்தான் அவர்களுக்குச் சரக்கு. நம்மைப் பிடித்து உட்கார வைக்க அவர்கள் பல வழிகளைச் செய்திருக்கிறார்கள்.

சினிமாவுக்கு முடிவு உண்டு. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. ரீல்ஸுக்கு முடிவு கிடையாது. ஒன்று முடிந்ததும் விரலால் தள்ளினால் அடுத்தது வரும். அடுத்தது என்ன வரும் என்று தெரியாது. அந்த ஆவல்தான் கையைக் கட்டிப் போடுகிறது. ஐந்து நிமிடம் என்று எடுத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

பெரியவர்களே தப்ப முடியவில்லை. பிள்ளைகள் எப்படித் தப்புவார்கள்? எனவே பிள்ளையை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை.

3. அறுந்து போகும் நூல்

தறியில் நெய்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஓடும் தறியில் நூல் அறுந்தால் என்ன ஆகும்? தறியை நிறுத்த வேண்டும். அறுந்த முனையைத் தேட வேண்டும். முடிச்சுப் போட வேண்டும். அதன் பிறகுதான் தறி ஓடும். அடிக்கடி அறுந்தால் அன்றைக்குச் சேலை வளராது.

படிப்பும் அப்படித்தான். பிள்ளை பாடம் படிக்கிறது. பக்கத்தில் போன் இருக்கிறது. 'டிங்' என்று ஒலி வருகிறது. பார்க்கிறது. போனை வைத்துவிட்டு மறுபடி புத்தகத்தைப் பார்க்கிறது. எந்த வரியில் விட்டோம் என்று தேடுகிறது. கவனம் திரும்ப நேரம் ஆகிறது. அதற்குள் அடுத்த 'டிங்'. மூன்று மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு பாடம் ஏறவில்லை. "நானும் படிக்கத்தான் செய்கிறேன், மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது" என்று அழுகிறது.

அந்தப் பிள்ளை மக்கு அல்ல. அதன் கவனம் துண்டு துண்டாகிவிட்டது. அவ்வளவுதான்.

4. தூக்கம் என்னும் உரம்

இன்னொரு திருட்டும் நடக்கிறது. அது தூக்கத் திருட்டு.

6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். இது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. போர்வைக்குள் போன் பார்க்கும் பிள்ளைக்கு இந்தத் தூக்கம் கிடைக்காது.

இருட்டியதும் நம் உடலில் மெலடோனின் என்ற பொருள் சுரக்கும். "தூங்கும் நேரம் வந்துவிட்டது" என்று அது உடலுக்குச் சொல்லும். போன் வெளிச்சம் கண்ணில் பட்டால் அது சுரப்பது குறையும். தூக்கம் தள்ளிப் போகும்.

நாம் தூங்கும்போது மூளை தூங்குவதில்லை. பகலில் படித்ததை அப்போதுதான் அது அடுக்கி வைக்கிறது. தேவையானதை நினைவில் பதிக்கிறது. தூக்கம் கெட்டால் படித்தது நிற்காது. காலையில் வகுப்பில் கண் சொக்கும். எரிச்சல் வரும். பயிருக்கு உரம் எப்படியோ, படிப்புக்குத் தூக்கம் அப்படி. விடிய விடியக் கண் விழித்துப் படிப்பது பெருமை இல்லை. அது நஷ்டம்.

5. மன அழுத்தம் என்றால் என்ன?

தேர்வு வருகிறது. மனம் படபடக்கிறது. வேகமாக மூச்சு வாங்குகிறது. கை வியர்க்கிறது. இதை 'டென்ஷன்' என்கிறோம். மன அழுத்தம் என்று எழுதுகிறோம்.

கொஞ்சம் அழுத்தம் நல்லதுதான். "நாளைக்குத் தேர்வு" என்ற நினைவுதான் பிள்ளையைப் படிக்க வைக்கிறது. ஆனால் நாள் கணக்கில், மாதக் கணக்கில் அழுத்தம் நீடித்தால் உடல் கெடும். தலைவலி வரும். தேர்வு நாளில் வயிறு வலிக்கும். பசி எடுக்காது. நன்றாகத் தெரிந்த விடைகூடத் தேர்வு அறையில் நினைவுக்கு வராது.

இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? பல இடங்களிலிருந்து வருகிறது.

வீட்டிலிருந்து வருகிறது. "உனக்காக நகையை அடகு வைத்தேன்" என்ற சொல் பிள்ளையின் நெஞ்சில் கல்லாகக் கிடக்கும்.

போட்டியிலிருந்து வருகிறது. ராஜஸ்தானில் கோட்டா என்ற நகரம் இருக்கிறது. மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் நகரம். பல மாநிலப் பிள்ளைகள் வீட்டை விட்டு அங்கே போய்த் தங்கிப் படிக்கிறார்கள். அழுத்தம் தாங்காமல் உயிரை விட்ட பிள்ளைகளும் அங்கே உண்டு. இதனால் 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும். மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இவை அந்த நெறிமுறைகளில் சில.

போனிலிருந்தும் வருகிறது. அதில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒருவர் புது வண்டியில் போகிறார். ஒருவர் அதிக மதிப்பெண் எடுத்துப் படம் போடுகிறார். தோற்றதை யாரும் படம் போடுவதில்லை. அழுததையும் போடுவதில்லை. இதைப் பார்க்கும் பிள்ளை, "எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். நான் மட்டும்தான் இப்படி" என்று நினைக்கிறது.

6. செக்கைச் சுற்றும் மாடு

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

போன் பார்ப்பதால் படிப்புக் குறைகிறது. படிப்புக் குறைந்தால் மதிப்பெண் குறைகிறது. மதிப்பெண் குறைந்தால் பயம் வருகிறது. வீட்டில் திட்டு விழுகிறது. பயத்தை மறக்கப் பிள்ளை எங்கே போகும்? போனுக்குத்தான் போகும். அங்கே கொஞ்ச நேரம் எல்லாம் மறந்து போகும். அதனால் படிப்பு இன்னும் குறையும். பயம் இன்னும் கூடும். மறுபடி போன்.

செக்கைச் சுற்றும் மாடு போல் பிள்ளை சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே போனைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டினால் மட்டும் போதாது. பயம் உள்ளேயே இருக்கும். பயத்தைக் குறைக்க வேண்டும். போனையும் குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் மாடு செக்கை விட்டு வெளியே வரும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. போனில் முகம் தெரியாத ஒருவர் பெண் பிள்ளையை மிரட்டலாம். படத்தை மாற்றி அசிங்கமாகப் பரப்புவேன் என்று சொல்லலாம். ஆண் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. அப்போது பிள்ளை யாரிடம் சொல்லும்? "அம்மாவிடம் சொன்னால் போனைப் பிடுங்குவார்கள். பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடுவார்கள்" என்று பயந்தால் சொல்லாது. தனியாகத் தவிக்கும். "என்ன நடந்தாலும் எங்களிடம் சொல்லு. உன் படிப்பை நிறுத்த மாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இது பெரிய பாதுகாப்பு.

7. படிக்காதவர்களால் என்ன செய்ய முடியும்?

"எனக்கே இப்போதுதான் நாலு எழுத்துத் தெரியும். பத்தாம் வகுப்புப் பாடத்தை நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள்.

பாடம் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர் வேலை. பெற்றோர் வேலை வேறு. பிள்ளைக்கு அமைதியான நேரம் கொடுக்கலாம். நல்ல தூக்கம் கொடுக்கலாம். தைரியம் கொடுக்கலாம். இந்த மூன்றுக்கும் பட்டம் தேவையில்லை.

உங்கள் ஊரில் சங்கு இல்லாமல் இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே ஒரு 'சங்கு' வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஒரே நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்தில் வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அப்பாவின் போனும் அங்கே இருக்க வேண்டும். டிவியும் ஓடக் கூடாது. அம்மா தொடர் பார்த்துக்கொண்டு, "நீ படி" என்றால் பிள்ளை படிக்காது. வட்காவ் ஊரில் பிள்ளைகளின் போன்கள் மட்டுமா அணைந்தன? பெரியவர்களின் போன்களும் அணைந்தன.

அந்த ஒரு மணி நேரத்தில் நீங்களும் ஒரு புத்தகத்தை எடுங்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். தெரியாத சொல்லைப் பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைக்கும் பெருமை வரும். கற்ற எழுத்து உங்களுக்கும் மறக்காது.

படிப்புக்கே போன் தேவைப்பட்டால் என்ன செய்வது? அதற்குத் தனி நேரம் வையுங்கள். எதற்காக எடுக்கிறோம் என்று பிள்ளை முதலில் சொல்லட்டும். வேலை முடிந்ததும் திரும்ப வைக்கட்டும்.

இரவில் போனைப் படுக்கைக்குக் கொண்டு போக வேண்டாம். சமையலறையில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்.

விளையாட்டை நிறுத்த வேண்டாம். மாலையில் ஓடி ஆடும் பிள்ளைக்கு மன அழுத்தம் குறையும். இரவில் நன்றாகத் தூக்கம் வரும்.

இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும் என்று அந்த நிறுவனங்களே விதி வைத்திருக்கின்றன. சின்னப் பிள்ளைக்கு வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்கித் தராதீர்கள்.

8. பேசும் விதம்

மகன் மதிப்பெண் அட்டையோடு வருகிறான். கணக்கில் தோற்றுவிட்டான். வீட்டில் இரண்டு விதமாகப் பேசலாம்.

ஒரு விதம்:

"பக்கத்து வீட்டுப் பையனைப் பார்! நீயும் இருக்கிறாயே! எப்போது பார்த்தாலும் போன்! நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு."

மகன் வாய் திறக்கவில்லை. மூலையில் போய் உட்கார்ந்தான்.

இன்னொரு விதம்:

"வாப்பா. முதலில் சாப்பிடு. அப்புறம் பேசலாம்."

சாப்பிட்ட பிறகு அம்மா கேட்டாள். "கணக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கா கண்ணு?"

"ஆமாம்மா. போன வருஷத்திலிருந்தே புரியலை. கேட்டா சிரிப்பாங்கன்னு கேக்கலை."

"சரி. நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு வரேன். சார்கிட்ட ரெண்டு பேரும் கேப்போம். போனை ராத்திரி எத்தனை மணி வரைக்கும் பார்க்கிறே?"

மகன் தலை குனிந்தான். "பன்னிரண்டு மணி வரைக்கும்மா."

"இன்னியிலிருந்து ஒன்பது மணிக்கு என் போனையும் உன் போனையும் சேர்த்து வெச்சிடலாம். சம்மதமா?"

"சரிம்மா."

முதல் பேச்சில் பிள்ளை வாயை மூடிக்கொண்டது. இரண்டாவது பேச்சில் உண்மை வெளியே வந்தது. உண்மை தெரிந்தால்தானே வழி தேட முடியும்?

தேர்வில் தோற்றால் வாழ்க்கை தோற்றதாகாது. துணைத் தேர்வு இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற அமைப்பு இருக்கிறது. அது மத்திய அரசின் அமைப்பு. 1989-இல் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்தால் 5 ஆண்டுகளுக்குள் 9 முறை வரை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. வயது கடந்து எழுத்துக் கற்றவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்: படிப்பின் கதவு ஒரே நாளில் மூடிவிடாது.

9. எப்போது உதவி தேட வேண்டும்?

பிள்ளை சில வாரங்களாகவே சரியாகத் தூங்கவில்லையா? சாப்பிடவில்லையா? நண்பர்களை விட்டு ஒதுங்குகிறதா? "நான் எதற்கும் உதவாதவள்" என்று சொல்கிறதா? பள்ளிக்குப் போகவே பயப்படுகிறதா? அப்படியானால் ஆசிரியரிடம் பேசுங்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கிறோம். மனத்துக்குப் பார்ப்பதில் வெட்கம் எதற்கு?

"செத்துப் போகலாம் போல இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால், சும்மா சொல்கிறது என்று விடாதீர்கள். திட்டாதீர்கள். தனியாக விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்:

14416 – டெலி மானஸ். மனநல ஆலோசனை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

1098 – குழந்தைகள் உதவி எண்.

1930 – இணையத்தில் பணம் ஏமாற்றினால் புகார் செய்யும் எண். மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலும் புகார் செய்யுங்கள்.

வட்காவ் ஊருக்கு வந்த பிரச்சினை எல்லா ஊருக்கும் வந்திருக்கிறது. அந்த ஊர் போனை உடைக்கவில்லை. பிள்ளைகளை அடிக்கவும் இல்லை. ஊர் கூடிப் பேசியது. பெரியவர்களும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கினார்கள். நம் வீட்டிலும் அந்தச் சங்கை இன்றே ஊதலாம்.

சொல்லும் பொருளும்

சமூக ஊடகம் – போன் வழியாகப் பலரோடு படமும் செய்தியும் பகிரும் இடம்
மன அழுத்தம் – மனத்தில் ஏற்படும் பாரம், டென்ஷன்
ஆய்வு – கேட்டும் பார்த்தும் உண்மையைக் கண்டறிதல்
நெறிமுறை – நடந்துகொள்ள வேண்டிய முறை
துணைத் தேர்வு – தவறியவர்கள் மறுபடி எழுதும் தேர்வு

பேசிப் பாருங்கள்

1. வட்காவ் ஊர் மக்கள் ஏன் சங்கு வாங்கினார்கள்?
2. சமூக ஊடக நிறுவனங்களுக்கு வருமானம் எப்படி வருகிறது?
3. போனை மட்டும் பிடுங்கினால் ஏன் போதாது?
4. உங்கள் வீட்டில் மாலையில் எத்தனை போன்கள் ஓடுகின்றன? யார் யாருடையவை?
5. உங்கள் தெருவில் எல்லோரும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? என்ன தடை வரும்? எப்படி நீக்கலாம்?

எழுதிப் பழகுங்கள்

உங்கள் வீட்டுக்கு ஒரு நேர அட்டவணை எழுதுங்கள். பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரம், விளையாடும் நேரம், போன் இல்லாத நேரம், சாப்பிடும் நேரம், தூங்கும் நேரம் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். பிள்ளையைக் கேட்டு எழுதுங்கள். கீழே நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளையும் போடட்டும்.